ஓலைப் பெட்டிக்கு விலை என்ன?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



வழக்கமாக நான் நெல்லைப் பற்றியோ, மணிலாவைப் பற்றியோ, பூச்சி மருந்து அளவைப் பற்றியோதான் பேசுவது வழக்கம். இன்றைக்குப் பேசப்போவது ஓலைப் பெட்டியைப் பற்றி. "இது என்னடா, வேளாண்மை ஆபீசருக்கு ஓலைப் பெட்டியில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். பனை உங்கள் வரப்பில் நிற்கிறது, ஓலை உங்களுடையது, அதை முடைகிற கை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. அப்படியிருக்க, இது என் வேலையும்தான், உங்கள் வேலையும்தான்.

மீஞ்சூர் வட்டாரத்தில் காட்டுப்பள்ளி என்று ஒரு ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி, இரண்டுக்கும் நடுவே மணல் திட்டு. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். இன்றைக்கு அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லோருக்கும் துறைமுகம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அங்கேயும் சுற்றுக் குப்பங்களிலும் வலையை நம்பித்தான் குடும்பங்கள் இருக்கின்றன. கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள அவர்களிடம் ஒரு பறி இருக்கும். பனையோலையில் முடைந்தது. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டே நாள் முழுக்க இறால் தடவுகிறவர்கள் உண்டு. உள்ளே தண்ணீர் நிற்கக் கூடாது, ஆனால் சின்ன இறால்கூட வெளியே நழுவக் கூடாது. அந்தப் பதத்துக்கு முடைவது சாதாரணக் கைவேலை அல்ல.

அப்படிப் பறி முடைந்து பழகிய ஒரு பெரியம்மாவை மண் மாதிரி எடுக்கப் போன இடத்தில் பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து, சிவப்பும் பச்சையும் கலந்த மூடி போட்ட பெட்டி ஒன்று முடைந்துகொண்டிருந்தார். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் இவர் கையால் ஒரு சீர் பெட்டி போகுமாம். அம்பது வருஷமாகக் கொடுத்து வருகிறார். நான் ஒன்று விலைக்குக் கேட்டேன்.

"இன்னா சார், ஓலைக்குப் போய் இன்னா காசு? எடுத்துக்கினு போ" என்றார்.

விடாமல் கேட்டேன். கடைசியில், "நீயே பார்த்துக் குடு" என்றார்.

தோழர்களே, "நீயே பார்த்துக் குடு" என்ற இந்தச் சொல்லில்தான் எல்லா நஷ்டமும் ஆரம்பிக்கிறது. பார்த்துக் கொடுக்கிறவர் நம் பாட்டைப் பார்க்க மாட்டார். தன் பையைத்தான் பார்ப்பார். அந்த அம்மாவிடம் அவ்வப்போது வாங்கிப் போகிற வியாபாரி ஒருவர் இருந்தார். ஒரு பெட்டிக்கு 90 ரூபாய் தந்தாராம். அன்றைக்கே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம்.

ஓலை 15 ரூபாய், சாயம் 5 ரூபாய், ஆகச் செலவு 20 ரூபாய். முடைய எவ்வளவு நேரம் என்றால், ஓலை கிழிப்பது, நனைப்பது, பின்னுவது, மூடி போடுவது எல்லாம் சேர்ந்து அஞ்சு மணி நேரம். 90-ல் 20 போனால் மிச்சம் 70. அஞ்சு மணிக்கு 70 என்றால் மணிக்கு 14 ரூபாய். முழு நாள், எட்டு மணி நேரம், கண் வலிக்க முடைந்தாலும் 112 ரூபாய். பெரியம்மாவின் பேத்தி பக்கத்தில் இருந்தாள், பள்ளிக்கூடம் படித்த பெண். "ஆயா, நீ பொட்டிய விக்கல, உன் கூலிய தானம் பண்ற" என்றாள். அந்தப் பெண் சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்க வேண்டாம். நெல்லுக்குக் கணக்குப் போடும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். விதை, உரம், டிராக்டர் வாடகை எல்லாம் எழுதுகிறோம். நாமும் நம் வீட்டு அம்மாவும் இறங்கிக் களை எடுத்த கூலியை எழுதுகிறோமா? எழுதுவதில்லை. பிறகு "கணக்குப் பார்த்தால் லாபம்தான்" என்கிறோம்.

பிரியமாகச் செய்கிற வேலையில் இந்தத் தப்பு இன்னும் அதிகம். கை பிடித்துச் செய்கிற வேலைக்குக் காசு கேட்கக் கூசுகிறது. பொழுதுபோக்காகச் செய்தால் அந்தக் கூச்சம் நல்ல குணம். அதிலேயே குடும்பத்துக்கு நாலு காசு வர வேண்டும் என்றால் கூச்சம் உதவாது. வரவேண்டிய காலமும் வந்துவிட்டது. ஏரி முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் கழியில் எண்ணெய் பரவியபோது, பிடித்த மீனையும் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. அந்த மாதிரி நாளில் வீட்டுப் பரணில் முடைந்த சாமான் இருந்தால் அடுப்பு எரியும்.

சரி, 90 ரூபாய்ப் பெட்டியை 250 ரூபாய் என்று சொன்னால் விற்குமா? பொன்னேரி சந்தையில் விற்காது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வேலைப்பாடு உள்ள பெரிய பெட்டியை அந்த விலைக்கு வாங்குகிறவர் சென்னையில்தான் இருக்கிறார், அவரும் தினம் வாங்க மாட்டார். ஆகவே நாங்கள் சின்னச் சாமானுக்கு வந்தோம். கல்யாணத்தில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற சின்னக் கொட்டான். ஓலையும் சாயமும் 6 ரூபாய். கை பழகியபின் முக்கால் மணி நேரத்தில் ஒன்று முடிகிறது. விலை 35 ரூபாய். ஒன்றுக்கு 29 ரூபாய் கூலி நிற்கிறது. ஒரு நாளைக்குப் பத்து முடைந்தால் 290 ரூபாய். பெரிய பெட்டிக்கு 112, சின்னக் கொட்டானுக்கு 290. பெரிய சாமான்தான் பெரிய காசு என்று நினைத்திருந்த எல்லோருக்கும் அன்றைக்கு ஆச்சரியம், எனக்கும் சேர்த்து. (இந்த விலைகள் நாங்கள் போட்ட கணக்கு. உங்கள் ஊர் ஓலை விலைக்கும் கூலிக்கும் தக்கபடி நீங்களே போட்டுப் பார்க்கவும்.)

இப்போது இதற்குக் கிராக்கியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பை முதலான சாமான்களுக்குத் தடை வந்தது. அதன் பிறகு கல்யாண வீட்டுக்காரர்களும் பலகாரக் கடைக்காரர்களும் ஓலைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆறு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சென்னையில் ஒரு கடையில் நான்தான் போய்ப் பேசினேன். ஐப்பசியில் 200 கொட்டானுக்கு ஆர்டர் கிடைத்தது. 7,000 ரூபாய். கார்த்திகைக்குள் தர வேண்டும். ராத்திரியும் பகலும் முடைந்தார்கள். மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. முடிந்ததைப் பத்துப் பத்தாகப் பாலிதீன் பையில் கட்டி அனுப்பினோம். எட்டாம் நாள் கடையிலிருந்து போன். பையைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். 80 கொட்டான் திரும்பி வந்தது. 2,800 ரூபாய் நஷ்டம், வண்டிச் சத்தம் தனி.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மேடை மேடையாய்ப் பேசுகிறவன் நான். ஓலையும் ஒரு தாவரப் பொருள்தான், அதற்கும் ஈரம் எதிரிதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. பெரியம்மா முதலிலேயே சொன்னார், "ஐப்பசி ஓலை ஆவாது சார்" என்று. ஆர்டர் போய்விடுமே என்ற அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை. அந்த 2,800 ரூபாயில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். அவர்கள் வாங்கவில்லை, அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

பிறகு உட்கார்ந்து காரணம் தேடினோம். மூன்று காரணம் கிடைத்தது. முதலாவது, ஓலை சரியாகக் காயவில்லை. இரண்டாவது நான் எதிர்பார்க்காதது. முடைவதற்கு முன் ஓலையை நனைத்துப் பதமாக்குகிறோம் அல்லவா? குப்பத்தில் நல்ல தண்ணீர் குடத்துக் கணக்கில்தான் கிடைக்கிறது. ஆகவே ஓலை நனைக்கக் கழியோரத்து ஊற்றுத் தண்ணீரை எடுத்திருக்கிறார்கள். அது உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு ஓலையில் தங்கிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல ஓலையில் தங்கிய உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை வெயிலில் காய வைத்தாலும் மறுநாள் காலையில் மறுபடி பதம். மூன்றாவது, அந்த ஈரத்தோடு பாலிதீன் பைக்குள் போட்டு மூச்சு விடாமல் கட்டியது.

இன்னொன்றும் பேச்சோடு பேச்சாக வெளிவந்தது. முன்பெல்லாம் ஓலையைக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் போடுவார்களாம். விறகுப் புகை பட்டுப் பட்டு ஓலைக்குப் பூச்சியும் வராது, பூஞ்சணமும் வராது. இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு. புகை இல்லை. பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நல்லதாயிற்று; ஓலைக்குக் கேடாயிற்று. பழைய முறையில் ஒன்றை மாற்றும்போது அதோடு கட்டிக் கிடந்த இன்னொன்றும் போய்விடுகிறது, நமக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஓலைத் தொழில் செய்ய நினைக்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்கவும். குருத்தோலையை மாசி, பங்குனி, சித்திரையில் வெட்டி விரித்துக் காய வையுங்கள். பச்சை நிறம் போய் வெளிறி, மடக்கினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும். ஈர்க்கை நீக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி, சாக்கில் சுற்றித் தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். மழைக்கால ஆர்டருக்கு இந்த ஓலையைத்தான் எடுக்க வேண்டும். நனைக்க நல்ல தண்ணீர்தான். ஒரு வாளி போதும், ஈரத் துணியில் சுற்றி வைத்தாலே ஓலை பதமாகிவிடும். சாயத்தைக் கொதிக்கிற தண்ணீரில் கலக்கி ஓலையை முக்கி எடுத்து, அலசி, நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்தபின் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த ஓலை விற்பனைக்கு ஆகாது. மணப்பெண்ணின் பட்டுப் புடவையில் ஒட்டிக்கொண்டால் அதோடு உங்கள் வியாபாரம் முடிந்தது. முடைந்த சாமானை ஒரு வெயில் காட்டி, அட்டைப் பெட்டியில் காகிதம் வைத்து அடுக்குங்கள். பாலிதீன் வேண்டாம்.

அளவு ஒரு பெரிய சங்கதி. பெரியம்மா எல்லாவற்றையும் சாணில்தான் அளப்பார். ஆறு பெண்களுக்கு ஆறு சாண். அவரவர் செய்த பெட்டிக்கு அவரவர் மூடி சரியாகப் பொருந்தும். கடையில் கொட்டிக் கலந்தால் ஒரு மூடி இறுகும், ஒரு மூடி உள்ளே விழும். தச்சரிடம் சொல்லி ஒரே அளவில் ஆறு மரக்கட்டை செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். கட்டையைச் சுற்றி முடைந்தால் எல்லாம் ஒரே அளவு. பெரியம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "கட்டைய வச்சு மொடஞ்சா அது மிஷின் பொட்டி" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டுதான். ஆனால் 200 வேண்டும் என்கிறவருக்கு 200-ம் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

இந்தச் சீமைக்கு இது புதுசும் அல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். எதற்கு வந்தார்கள்? துணிக்கு. இங்கே நெய்த துணியைக் கப்பலில் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்குக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். இந்தப் பக்கத்துக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் பேரே "புலிகாட்" என்றுதான் வழங்கிற்று. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கட்டம் இப்படி என்று சொல்லி வைத்து வாங்கினார்கள். அளவு தப்பினால் அன்றைக்கும் விலை குறைத்துத்தான் எடுத்திருப்பார்கள். லாபத்தில் பெரும் பங்கு நெய்தவர் கைக்கு வரவில்லை என்பது வேறு கதை.

அதே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஓலை முடைகிறார்கள். வேலைப்பாட்டில் அவர்களை மிஞ்சுவது கஷ்டம். போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடும் கடற்கரை ஊர்தான். அங்கேயும் பெண்கள் ஓலைத் தொழிலைக் கூட்டுறவாகச் செய்கிறார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

ஆர்டர் வந்தால் யார் எத்தனை முடைவது என்பதில் எங்கள் குழுவில் சண்டை வந்தது. கை வேகமாக உள்ளவர் நிறைய எடுத்துக்கொண்டார், மற்றவருக்கு மிச்சம் மீதி. இதற்கு வழி சொன்னவர் ஒரு பெரியவர், வலைக்காரர். பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாகப் படுகிற இடத்தில் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்து வலை போடுவார்கள். நம் ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் விடுவது போலத்தான். "கொட்டானுக்கும் பாடு வையுங்க" என்றார். அப்படியே வைத்தோம். நல்ல விலை ஆர்டர் முறைப்படி சுற்றி வருகிறது. பூஞ்சணத்தால் வந்த 2,800 ரூபாயையும் ஆறு பேரும் சமமாகத்தான் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

முன்பணம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்கே இறாலைக் கொட்டுகிற கஷ்டம் கழியோரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓலையிலும் அந்த வலையில் விழ வேண்டாம். ஓலைக்கும் சாயத்துக்கும் வேண்டிய பணம் அதிகமில்லை. சுயஉதவிக் குழுச் சேமிப்பிலேயே புரட்டிவிடலாம். பெரிதாகச் செய்ய நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். தமிழக அரசு 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தொடங்கியது. அதில் பனை ஓலைப் பின்னலும் மீன் வலை தயாரிப்பும் சேர்ந்திருக்கின்றன, மானியத்தோடு கடன் உண்டு. 1973-ல் ஏற்பட்ட பூம்புகார் நிறுவனம் கைவினைப் பொருள் விற்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்து அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் குழுக்களுக்குக் கண்காட்சி நடக்கும். கண்காட்சிக்குப் போனால் விற்பனையைவிட முக்கியம், வாங்குகிறவர் எதைக் கையில் எடுத்து எதைக் கீழே வைக்கிறார் என்று பார்ப்பது.

இனி நிலம் வைத்திருக்கிற உங்களுக்கு. இந்தத் தொழிலில் இப்போது பெரிய முடை ஓலைதான். ஆறு பெண்கள் குழுவுக்கே குருத்தோலை தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஏறுகிற ஆள் இல்லை. செங்கல் சூளைக்குப் போன மரமும் நிறைய. பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. வெட்டாமல் விட்டால் மட்டும் போதாது, ஊன்றவும் வேண்டும். ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, மழைக்கு முன் வரப்பிலும் ஏரிக்கரையிலும் பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்தில் ஊன்றுங்கள். அங்கேயே ஊன்ற வேண்டும். முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும். பிடுங்கி நட்டால் பிழைப்பது சிரமம். நுங்குக்கும் பதநீருக்கும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆனால் ஓலைக்கு அவ்வளவு வேண்டாம். ஆறேழு வருஷத்து வடலியிலேயே நின்றபடி குருத்து எடுக்கலாம். ஏற ஆள் தேட வேண்டாம்.

எடுக்கும்போது ஒன்று கவனிக்கவும். ஒரு மரத்தில் ஒரு குருத்தை எடுத்தால், அடுத்த குருத்து முழுதாக விரிந்து நிற்கும்வரை அந்த மரத்தைத் தொடக் கூடாது. குருத்துக்குக் குருத்து எடுத்தால் மரம் மெலிந்துவிடும். வரப்பில் எத்தனை வடலி இருக்கிறது என்று எண்ணி, குழுப் பெண்களோடு பேசி, ஒரு குருத்துக்கு இவ்வளவு என்று விலை முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வரவு, அவர்களுக்கும் பங்குனியில் ஓலை நிச்சயம்.

பெரியம்மா இன்றைக்கும் முடைகிறார். குழுவின் கொட்டான் கணக்கில் அவர் பங்கு மாதாமாதம் பேங்கில் விழுகிறது. பேத்தி நோட்டில் எழுதி வைக்கிறாள். ஆனால் சீர் பெட்டி விற்பனைக்கு இல்லை. அதைக் கட்டை வைக்காமல், சாணால் அளந்து, தெருவில் கல்யாணமாகிற பெண்ணுக்கு இனாமாகத்தான் கொடுக்கிறார். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று முதலில் நான் வாதாடினேன். "அது வேற, இது வேற சார்" என்று முடித்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். போன மாசம் போனபோது, என் பெண்ணுக்கு என்று ஒரு சீர் பெட்டியை முடைந்து வைத்திருந்தார். என் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு இன்னும் வருஷம் இருக்கிறது என்றேன். "பங்குனி ஓலை சார், கெடாது, வச்சிக்க" என்றார்.

பனங்கொட்டை ஊன்றுவது பற்றி விவரம் வேண்டுவோர் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கவும்.